துப்பாக்கிப் பிடியில் நான் வைத்த புள்ளிகள்

எங்காவது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தால் போதும், என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். வயர் ஏதும் எரிகிறதோ என்று வீட்டில் இருப்பவர்கள் தேடுவார்கள். எனக்கோ தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையும், பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டும் எதிரே வந்து நிற்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஞாயிறு காலைகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவேன். பயந்துவிடாதீர்கள், ஏர் பிஸ்டல்தான். காற்றழுத்தத்தில் மிளகு அளவு ஈயக் குண்டைத் தள்ளும். பத்து மீட்டர் தள்ளி அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். ஒற்றைக் கையை நீட்டி, மூச்சை நிறுத்திச் சுட வேண்டும். கால் தரையில் பாவாமல் அலைகிற எனக்கு, வாரம் முழுவதிலும் அமைதி என்று கிடைத்தது அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

கிளப்பில் நல்ல பிஸ்டல் ஒன்றே ஒன்று. ஐந்து பேர் மாறி மாறிப் பிடிப்போம். முறை வைத்து ஒருவர் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய், துடைத்து எண்ணெய் போட்டு, மறுநாள் காலை கொண்டுவர வேண்டும். அதன் பிடி கறுப்பு பிளாஸ்டிக். நனைந்த சோப்பு மாதிரி வழுவழுப்பு.

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சும்மா ஈரம் என்று நினைக்காதீர்கள், சொட்டும். பரீட்சைத் தாளில் மை கரைந்து ஓடியிருக்கிறது. யாராவது கை குலுக்க வந்தால் அவசரமாகக் கும்பிட்டுவிடுவேன். பணிவான பையன் என்று அதற்கு நல்ல பெயர் வேறு. உண்மையை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மெட்ராசில் நடக்கிற மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், பிஸ்டல் என் முறைக்கு வந்தது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டால் கிளப் நம் பெயரை அனுப்பும். ரேடியோ நோண்ட வைத்திருந்த சால்டரிங் கம்பியைச் சூடேற்றினேன். உடைந்த வாளிக் கைப்பிடியில் முதலில் பழகினேன். அப்புறம் பிஸ்டலின் பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கம்பியின் நுனியை வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் இளகி ஒரு குழி விழும். குழியைச் சுற்றி மெல்லிய வரப்பு ஒன்று எழும்பும். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. புள்ளி புள்ளியாக மதியம் முழுக்க.

“என்னத்தலே பொசுக்குத? வீடே நாறுது!” அடுப்படியிலிருந்து அம்மா.

“ரேடியோம்மா” என்றேன்.

ஆறியதும் தடவினேன். வரப்புகள் கூராக இருந்தன. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து மழுக்கியிருக்க வேண்டும். மழுக்கவில்லை. கூர் இருந்தால்தான் என் ஈரக் கை வழுக்காது. பிடியை மாட்டிக் கையை நீட்டினேன். அறைந்துவைத்தது மாதிரி நின்றது. இது ஐந்து பேர் பிடிக்கிற சாமான் என்பது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

ஞாயிறு காலை, எனக்கு முன்னால் சுட வேண்டியவர் ஒரு நர்ஸ் அக்கா. இரவு வேலை பார்த்த கண்ணோடு நேராக வந்து சுடுவார். அடுத்த மாதம் அவருக்கு மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல். அதோடு சுடுவது முடிந்தது. “ஒரே ஒரு தடவ மெட்ராசுக்குப் போயி சுட்டுட்டு வந்துரணும் தம்பி. அப்புறம் ஊசி போட்டே காலத்த ஓட்டிருவேன்” என்பார். ரெண்டு வருடமாக அவர் காத்திருந்த காலை அது. பெண்களுக்குத் தேர்வு தனி. எனக்கு அவர் போட்டிகூடக் கிடையாது.

பிஸ்டலை வாங்கியவர் புருவத்தைத் தூக்கினார்.

“இதென்ன தம்பி, பலாப்பழத்தப் பிடிச்ச மாதிரில்லா இருக்கு! யாரு இப்படிப் பண்ணுனது?”

“தெரியலக்கா. என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு.”

“அண்ணாச்சி பெட்டியில உப்புத்தாள் கெடக்கும். பைய ரெண்டு தேய்ப்பு தேச்சிருவமா?”

அண்ணாச்சி என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது கிளப் செயலாளரை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கோடியில் அட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தேய்த்தால் என் பிடிமானம் போய்விடும்.

“வேண்டாங்க்கா. இப்பப் போயி தேச்சா தூள் ஒட்டிக்கிட்டு வழுக்கும்” என்றேன், பெரிய விவரம் தெரிந்தவன் போல. அவர் நம்பினார்.

நாற்பது குண்டுகள். முதல் பத்து அருமையாக விழுந்தது. அடுத்த பத்தும் மோசமில்லை. இருபது முடிந்ததும் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து ஊதினார். கையில் எதையும் சுற்றிக்கொண்டு சுடக்கூடாது என்பது விதி. மறுபடி எடுத்தார்.

அப்போதுதான் அந்தக் கையை நான் பார்த்தேன். நாள் முழுக்க சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டுப் பட்டு வெங்காயத் தோலாக மெலிந்த கை. பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன். பானையில் தண்ணீர் மோந்து குடித்தேன். திரும்ப மோந்து, குடிக்காமல் ஊற்றினேன். ‘நிறுத்துங்கக்கா’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் பத்துதானே என்றது மனசு. இன்னும் ஐந்துதானே. ஒவ்வொரு குண்டுக்கும் அவர் தோள் லேசாகக் குறுகியது. அட்டையில் துளைகள் நடுவை விட்டு நகர்ந்துகொண்டே போயின.

நாலு மதிப்பெண் குறைந்ததில் மெட்ராஸ் போயிற்று.

கைக்குட்டையால் பிடியைத் துடைத்து, என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். பிடி ஈரமாக இருந்தது. என் கை இன்னும் வேர்க்கவே தொடங்கவில்லை. குனிந்து பார்த்தேன். நான் வைத்த புள்ளிகளுக்குள் சிவப்பு.

“சுடுவே! என்ன பாத்துக்கிட்டு நிக்க?” என்றார் அண்ணாச்சி.

செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்தப் பிடியைச் சுற்றி என் விரல்கள் மடங்க மறுத்தன, அவ்வளவுதான். அவர் பிஸ்டலை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“ஏலே, அஞ்சு பேரு பிடிக்கிற சாமானுக்கு உன் ஒரு கைதான் அளவா? இம்புட்டு நேரம் வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?”

“அக்காவ இன்னொரு தடவ சுடச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் இப்பவே தேச்சுத் தாரேன்.”

“எந்தக் கைய வச்சிலே சுடுவா?”

அன்று நான் சுடவில்லை. சுடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். அண்ணாச்சி போட்ட சத்தம் குழாயடி வரை கேட்டிருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“கைல புண்ணோட நோயாளிக்குக் கட்டுப் போட விடமாட்டாவ. ராத்திரி டியூட்டிக்குப் போயி சீட்டுதான் எழுதணும்” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. பிறகு கேட்டார், “எதுக்குத் தம்பி அப்படிப் பண்ணுன?”

பதிலுக்குக் கையை நீட்டினேன். வெயிலில் அது நனைந்து மின்னியது. பிறந்ததிலிருந்து அப்படித்தான், சொல்ல வெட்கம் என்றேன். என் விரல்களைப் பிடித்துத் திருப்பி, நோயாளியின் கையைப் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்தார். என் கையைத் தயங்காமல் தொட்ட முதல் வெளியாள் அவர். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் மாற்றலில் போனார். அப்புறம் பார்க்கவே இல்லை. மூடி வைத்த ஒரு வெட்கம் எனக்குள்ளேயே இருந்துவிடும், பக்கத்தில் நிற்பவரைக் கிழிக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கும் எதையாவது மறைக்கத் தோன்றும்போது, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் படியில் நின்றபடி அவர் திரும்பிச் சொன்னது முந்திக்கொண்டு வருகிறது:

“கை வேர்க்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரப்பர் உறை மாட்டுறதுக்கு முன்ன நாங்க கையில போடுற பவுடர்ல ஒரு டப்பா கொண்டாந்து தந்திருப்பேனே தம்பி.”