தனிக்குடித்தனத்தின் முதல் அறுவடை

கோட்டையில் ஆட்சி மாறிவிட்டது, இனி நம் காலம்தான் என்று எங்கள் தெருவே பூரித்துப்போயிருந்த வருஷங்கள் அவை. களத்தில் கூலி அளக்கும் மரக்கால் மட்டும் மாறவில்லை. கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று அந்த மாசியில் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். கை தூக்கியவர்களில் நானும் என் வீட்டுக்காரரும் உண்டு.

கையைத் தூக்குவது சுலபம். மூத்தவர்கள் வீட்டில் பானை அடியிலாவது பழைய நெல் கிடந்தது. நாங்கள் கார்த்திகையில்தான் தனிக்குடித்தனம் வந்திருந்தோம். நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். அறுவடைக் கூலிதான் எங்கள் வருஷத்துச் சோறு. அது இல்லையென்றால் நண்டும் நத்தையும்தான். இளஞ்ஜோடி என்று ஊரே எங்களைக் கிண்டல் செய்தது. கிண்டல் செய்தவர்களில் ஒருத்தரும் ஒரு படி அரிசி கைமாற்றாகத் தரவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அறுப்பு நின்று பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. வேதாரண்யத்தில் உப்பள வேலைக்கு ஆள் எடுப்பதாக ஒரு ஏஜெண்ட் லாரியோடு வந்தான். அதில் ஏறியவர்களில் புதிதாகக் குடித்தனம் வைத்த பையன்கள்தான் அதிகம்.

“உப்பு வேலைதானே, இதுல சங்கத்துக்கு என்ன துரோகம்?” என்று சொல்லிவிட்டு இவரும் ஏறினார்.

மறுநாள் மிராசுதார் வயலில் போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் அறுப்புக்கு இறங்கினார்கள். எல்லாம் சின்ன வயது. ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் நாங்கள் வரப்பில் நின்று மண்ணை வாரித் தூற்றினோம்.

“எங்க வயித்துல அடிக்கிறீங்களே, உங்க பொண்டாட்டி புள்ளைங்க வெளங்குமாடா?”

அதிகம் கத்தியவள் நான்தான்.

அதற்கு அடுத்த நாள் பொழுது சாய இவர் திரும்பி வந்தார். தோளில் நெல் மூட்டை. உப்பளத்தில் யார் நெல் அளக்கிறார்கள்?

“உப்பளம்னு சொல்லிட்டு, வேற ஊருல போலீசு நின்ன வயல்ல எறக்கி விட்டாங்க புள்ள. அங்கயும் நம்மள மாதிரி கூலி கேட்டு அறுப்ப நிறுத்தியிருக்காங்க. திரும்பி வர பஸ்சுக்குக் காசில்ல. அறுத்தோம். அந்த ஊரு ஆளுங்களத்தான் இங்க நம்ம வயலுக்குக் கொண்டாந்திருக்காங்க.”

“அங்க வரப்புல பொம்பளைங்க நின்னாங்களா?”

“நின்னாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஏஜெண்டை வெட்டிப்போட்டிருப்பேன். ஆனால் அடுப்பை மூட்டி, அந்த ஈர நெல்லை வறுத்துக் குத்திக் கஞ்சி வைத்தேன். இரண்டு பேரும் வயிறு நிறையக் குடித்தோம்.

விடியற்காலையில் லாரி மறுபடி வந்து ஹாரன் அடித்தது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.