மூன்று பல் போன சக்கரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே நான் லேத்துப் பட்டறை வைத்திருந்த காலத்தில், என் உயிரை வாங்குவதற்கென்றே ஒரு மெஷின் இருந்தது. சீமை லேத்து. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அதில் ஒரு பாகம் தேய்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செய்வதற்கு லேத்து வேண்டும். லேத்துதான் படுத்துவிட்டதே! இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

அந்த வருஷம் மேட்டூரைத் தாமதமாகத் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து குத்தகைக்காரர் ஒருவர் சைக்கிள் கேரியரில் பம்புசெட்டு ஷாப்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ஷாப்டின் முனையில் மரை முழுக்க மழுங்கிப்போயிருந்தது. வடிகாலில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, பம்பு ஓடினால் மேலே ஏற்றி நட்டுவிடலாம் என்றார்.

"நாத்துக்கு இருவத்திநாலு நாள் ஆவுதுங்க மேஸ்திரி. நாப்பதத் தாண்டுனா முத்திப்போயிரும். அப்பறம் நட்டும் பிரயோசனமில்ல."

"ஒரு மணி நேர வேலைப்பா. உக்காரு" என்றேன். என் வாயில் சனி இருந்திருக்கிறது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே மற்றதையும் சொன்னார். ஒன்பது மா நிலம், அப்பா காலத்திலிருந்து குத்தகை. குத்தகைச் சட்டம் வந்தபிறகு அவர் பெயரைப் பதிவு செய்தாகிவிட்டது, லேசில் கிளப்ப முடியாது. நிலத்துக்குச் சொந்தக்கார மிராசுதார் வேறு வழி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் போகம் நிலம் தரிசாகக் கிடந்து, கர்ணம் அடங்கல் கணக்கில் 'தரிசு' என்று எழுதிவிட்டால், சாகுபடியை விட்டுவிட்டான் என்று கோர்ட்டில் சொல்லி ஆளை வெளியேற்றலாம். அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பியிருந்தார்.

அந்த மிராசுதாரை எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் ஊர் ரைஸ்மில் அவருடையது. அங்கே நான் பிட்டராக இருந்தவன். ஒருநாள் எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தாமதமானதற்கு, நெல் அரைக்க வந்த ஜனங்கள் முன்னால் என்னை 'டா' போட்டுப் பேசினார். ஸ்பானரை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இனி இந்த கேட்டுக்குள் கால் வைத்தால் என்னை ஏனென்று கேள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஷாப்டை மாட்டி மரை வெட்ட ஆரம்பித்தேன். எதிர் டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்கள், யார் ஆட்சியில் அரிசி கிடைத்தது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காதை அங்கே கொடுத்துவிட்டு, மெஷின் ஓடும்போதே லீவரைத் தள்ளினேன். படக்கென்று ஒரு சத்தம். மரை வெட்டும்போது உளியைச் சீராக நகர்த்தும் பல்சக்கரத்தில் வரிசையாக மூன்று பல் பெயர்ந்து எண்ணெய்த் தட்டில் விழுந்தது. பாதி மரையோடு ஷாப்ட் நின்றது. அரசியலாம் அரசியல்! அவன்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்கள்.

என் மனைவி பட்டறைக்குப் பின்னால் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். தட்டில் கிடந்ததைப் பார்த்ததும், "மில்லுல இதே மெஷின் ஒண்ணு ஓடாம கிடக்குல்ல? போய்க் கேளுங்க" என்றாள்.

உண்மைதான். என் லேத்தும் மில்லில் கிடக்கும் லேத்தும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். சக்கரம் அப்படியே பொருந்தும். "செத்தாலும் அங்க போக மாட்டேன்" என்றேன். குத்தகைக்காரர் அப்போது வாசலில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு இது காதில் விழவில்லை.

உடைந்த இடத்தில் துளை போட்டு, மரையாணி முடுக்கி, அதைப் பல் மாதிரி அராவினேன். இரண்டு நாள் வேலை. மெஷினை ஓட்டியதும் அரைச் சுற்றுகூடத் தாங்கவில்லை, மூன்று ஆணியும் மூன்று திசையில் பறந்தன. ஒன்று சாமி படத்தின் கண்ணாடியை உடைத்தது.

ஷாப்டைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பெரிய பட்டறைக்காரர் பாதி மரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவன் கை வைத்த மரையை அவர் தொடமாட்டாராம், அது அவருடைய தொழில் தர்மமாம். மன்னார்குடியில் தொடுகிறோம் என்றார்கள். ஆனால் சீசன் நேரம், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பதினைந்து நாள் கழித்து நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போடவேண்டும்.

போஸ்டாபீசிலிருந்து மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டேன். சீமை மெஷின்களுக்கு ஒரு கடை இருந்தது. "மெஷின் நம்பர் சொல்லுங்க சார்" என்றான் அந்தப் பக்கத்து ஆள். அங்கேதான் என் முட்டாள்தனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். சுரண்டிவிட்டா அடிக்கிறோம்? பழைய பெயிண்டின் மேலேயே புதுப் பெயிண்ட், அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். நம்பர் தகடு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. அரை நாள் சுரண்டினேன். சீமைப் பெயிண்டுவரை போனபிறகுதான் நம்பர் கிடைத்தது. மறுபடி ட்ரங்க் கால், மறுபடி காத்திருப்பு.

"அந்த மாடலா? அது நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு சார். எந்த பார்ட்டும் கிடைக்காது."

"அப்பறம் எதுக்குய்யா நம்பர் கேட்ட?"

"எழுதிக்கணும் சார்."

போனை வைத்த வேகத்தைப் பார்த்துப் போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

நாற்றுக்கு முப்பது நாள். குத்தகைக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். வாசலில் நிற்பார். ஏன் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நாள் கணக்கை மட்டும் சொல்வார். "இன்னியோட முப்பதுங்க." திட்டினாலாவது நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை மனுஷன்.

கும்பகோணத்தில் குத்துவிளக்கு வார்ப்பவர் ஒருவர் எனக்குப் பழக்கம். உடைந்த சக்கரத்தைக் கொண்டுபோய் வெண்கலத்தில் வார்த்துத் தரச் சொன்னேன். ஆறினால் உலோகம் சுருங்கும், அதற்கேற்ப மெழுகைக் கூட்டி வைக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அண்ணே, நான் விளக்கு வார்க்கிறவன். எனக்கே சொல்றீங்களா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போனேன். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அடடா, என்ன பளபளப்பு! ஒவ்வொரு பல்லும் மின்னியது. அளவு கருவியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லிலும் ஒரு முடி அளவு குறைந்திருந்தது.

"தேச்சீங்களா?"

"தேய்க்காம எப்படிண்ணே குடுக்கிறது? அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, புளி போட்டு விளக்கிக் குடுத்திருக்கேன். நம்ம பட்டறையிலேருந்து ஒரு சாமான் மங்கலா வெளிய போனதில்ல."

"இது விளக்கு இல்லய்யா, சக்கரம்! பல்லு பல்லோட உரசணும்யா!"

மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. வார்ப்பில் ஒரு குறையும் இல்லை, சத்தியமாக இல்லை. தேய்த்ததுதான் கெடுத்தது. மாட்டிப் பார்த்தேன், கடகடவென்று ஆடி ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. மறுபடி வார்க்கச் சொன்னேன். தேய்க்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவர் தேய்க்கவில்லை. வெளியூர் போனவர், வார்த்ததை மண் அச்சு உறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். சுத்தமான வீடு அது. உறையை உடைத்து எடுத்த அவருடைய மனைவி, கறுப்பாக இருக்கிறதே என்று நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்து வைத்திருந்தார். அந்த அம்மாளை என்ன சொல்ல முடியும்? "ரொம்ப நல்லாருக்குங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை மூலையில் வீசினேன். அது அங்கேயும் பளபளவென்றுதான் கிடந்தது. என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"எட்டு வீடு தள்ளி இருக்கு மில்லு. நீங்க கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் அலையிறீங்க. அந்தாளு நாத்து காயுது, உங்களுக்கு ரோஷம் பெரிசாப் போச்சு."

"உனக்குப் புரியாது, சும்மா இரு."

"எனக்குப் புரியாதுதான். அவருக்குப் புரியுதான்னு கேட்டுப் பாருங்க."

கேட்கவில்லை. நாளைக்கு வேறு ஏதாவது யோசிக்கலாம் என்று சாப்பிட்டுக் கையைக் கழுவினேன்.

மறுநாள் நான் பழைய இரும்புக் கடைகளில் தேடப் போயிருந்தபோது குத்தகைக்காரர் வந்திருக்கிறார். என் மனைவி அவரிடம் மில்லில் சக்கரம் இருப்பதைச் சொல்லிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தச் சக்கரம். மில் கிரீஸ் அப்படியே ஒட்டியிருந்தது. பல் ஒன்றுகூடப் பழுதில்லை. சந்தோஷத்தில் சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். தோளில் துண்டு இல்லை. இடுப்பில் கட்டியிருந்தது.

அவர்கள் தெருவில் கட்சிக் கொடி ஏற்றிய நாளிலிருந்து, எந்த ஆண்டை வந்தாலும் துண்டை இடுப்பில் கட்டுவதில்லை என்று தெருவே பேசி முடிவெடுத்திருந்தது. அதற்காக அந்தப் பக்கத்தில் அடிதடி நடந்திருக்கிறது, ஒரு போகம் முழுக்க அவர்களுக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். அது எங்கள் ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலிங்க."

"சும்மாவா குடுத்தாரு?"

"துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு, ஆண்டைன்னு கூப்புட்டுக் கேளுன்னாரு."

"மில்லுல யாரு இருந்தா?"

"நெல்லு அரைக்க வந்த சனம் பூரா இருந்துச்சு. எங்க தெருவாளுங்களும் ரெண்டு பேரு."

"கேட்டியா?"

அவர் சக்கரத்தை என் கையில் கொடுத்தார். "நாத்துக்கு நாளையோட நாப்பது ஆவுதுங்க மேஸ்திரி. வேலையப் பாருங்க."

மாட்டினேன். ஒரு உறுத்தல் இல்லாமல் பொருந்தியது. மீதி மரையை வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினைந்து நாள் அலைந்தேனே, பாவி, முக்கால் மணி நேரம்! அவர் ஷாப்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை துண்டு இடுப்பிலேயேதான் இருந்தது. அவிழ்க்க மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

நட்டுவிட்டார்கள். ஒன்பது மாவும் பிடித்தது. கர்ணம் வந்து பார்த்து 'நெல்' என்று எழுதினார். அந்தப் போகத்துக்கு நிலம் தப்பித்தது. மிராசுதாருக்கு ஒன்பது மாவைவிட அந்த இடுப்புத் துண்டு பெரிசாகப் பட்டிருக்கிறது.

சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த கேட்டுக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் ஒன்றும் ஏனென்று கேட்கவில்லை, சிரித்தான். மிராசுதார் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"அடடே, வாய்யா வா! எத்தனை வருஷமாச்சு! இதுக்கு ஏன்யா அவன அனுப்பின? நீ வந்து கேட்டா குடுக்க மாட்டேனா? உக்காரு."

நாற்காலியைக் காட்டினார். என் துண்டு தோளில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளே திரும்பிக் காப்பிக்குக் குரல் கொடுத்தார். டபரா டம்ளரில் காப்பி வந்தது, நுரையோடு, நல்ல மணத்தோடு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குடித்துத் தொலைத்தேன்.