அரெத்தி காத்திருந்த கால்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று யானினா நகரத்தில் பாதி வீடுகள் என் கல்குவாரிக் கல்லில் நிற்கின்றன. அப்பேர்ப்பட்ட என் கண் முன்னால், ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு பொடியன் அரெத்தியை அவமானப்படுத்தினான். நினைத்தால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

அரெத்தி எங்கள் மலையூர்க்காரி. அப்பன் போனபின் அவன் கிளாரினெட்டை எடுத்தாள். பொம்பளை ஊதி நாங்கள் ஆடுவதா என்று ஆகஸ்ட் திருவிழாவுக்கு அவளை எவனும் கூப்பிடவில்லை. கோழைகள்! என் மகன் கல்யாணத்துக்கு நான் ஒருவன்தான் கூப்பிட்டேன். பாலாடைக்கட்டி செய்து பிழைத்தாள். ஊதுவதை மட்டும் விடவில்லை.

எங்கள் ஆட்ட மெட்டுகளை வைத்து, ஒற்றைக் கிளாரினெட்டும் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க ஒருவர் புதிதாக எழுதியிருந்தார். யானினாவில் நடக்கவிருந்த கச்சேரியில் அதை ஊத அரெத்தியை அழைத்தார்கள். சரிவராவிட்டால் ஏதென்ஸிலிருந்து வேறொரு கிளாரினெட்காரன் வந்து ஊதுவான் என்றும் சொல்லிவைத்தார்கள்.

ஒத்திகைக்கு நானும் போனேன். மெதுவான ஆட்டம் வந்தது. அதில் முன்னால் ஆடுகிறவன், அடுத்தவன் பிடித்திருக்கும் கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கி மல்லாக்கச் சாய்வான். அந்தக் கால் தரையைத் தொடும்வரை கிளாரினெட் சுரத்தை விடக்கூடாது. அரெத்தி கண்ணை மூடி இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பொடியன், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவன், குச்சியால் தட்டினான்.

"தாள்ல இருக்கிறது மூணு தட்டுதாம்மா. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"காலுக்கு."

வயலின்காரர்கள் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். "என்னடா இளிப்பு? வெளியில வாங்க, பல்லைக் கழட்டுறேன்!"

"ஸ்டெரியோஸ் மாமா, உட்காருங்க. இது உங்க வீட்டுக் கல்யாணம் இல்ல," என்றாள் அரெத்தி.

"நாளைக்கும் இப்படித்தான்னா ஏதென்ஸ் ஆள்தான் ஊதுவான்," என்றான் அந்தப் பொடியன்.

அவள் பையிலிருந்து கைக்குட்டையை உருவினாள். "முன்ன நிக்கிறது நீங்கதானே? முன்ன நிக்கிறவர்தான் இதைப் பிடிக்கணும். சாயுங்க. மூணு தட்டுல நிறுத்திடுறேன். மாமா, அந்த முனை உங்களுக்கு."

இதென்ன பிரமாதம் என்கிற மாதிரி பிடித்தான். சாய்ந்தான். அவள் ஊதினாள். மொத்தப் பாரமும் என் தோளில். மூன்று தட்டு முடிந்தது. அவன் கால் இன்னும் அந்தரத்தில்.

"பொறுங்க, பொறுங்க!" என்று கத்தினான்.

பொறுத்தாள். கால் இறங்கியதும்தான் சுரத்தை விட்டாள். அவன் கோட்டைத் தட்டிக்கொண்டு, "சரி, காலுக்கே ஊதுங்க," என்று முணுமுணுத்தான்.

கச்சேரியில் அவள்தான் ஊதினாள். அந்த இடம் வந்தபோது, அவள் விடும்வரை அவன் குச்சி மேலேயே நின்றது. திருவிழாவுக்குக் கூப்பிடாத அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். வெட்கம் கெட்டவர்கள்! நான் தட்டவில்லை. அவனைத் தாங்கிய தோளைத் தூக்கவே முடியவில்லை. அந்தப் பொடியன் ஒரு நன்றி சொன்னானா?