எஸ்தர் சிஸ்டரின் முப்பத்திரண்டாவது மஃபின்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டு இன்டர்காம் ஒலித்தது. கீழ்வீட்டில் வேலை செய்யும் சுனிதா பேசினார். "அங்கிள்ஜி, ஜல்தி ஆயியே. சிஸ்டர்ஜி உட் நஹீ ரஹீ." சிஸ்டர் எழுந்திருக்கவில்லை என்கிறார். நான் கண்ணாடியைத் தேடினேன், பிறகு செருப்பைத் தேடினேன், பிறகு கதவருகில் சற்று நின்றேன். கீழே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் நின்றேன். தூக்கத்திலேயே இதயம் நின்று சில மணி நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு வந்த டாக்டர் சொன்னார்.

டெல்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் குடியிருப்பின் தமிழ் மலருக்காக எஸ்தர் சிஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். அதற்கு நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. படித்து முடிக்கும்போது உங்களுக்கும் அது வரலாம்.

எஸ்தர் ஞானமணி அவர்கள் திருநெல்வேலிக்குத் தெற்கே செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவர். டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி நோயில் கிடந்தபோது தினமும் மாடி ஏறி வந்து ஊசி போட்டவர் அவர்தான். முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் நான் மயங்கிச் சாய்ந்தேன். கண் விழித்தபோது என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஊசி உங்களுக்கில்ல சார், அவங்களுக்கு. நீங்க ஏன் மல்லாக்க விழுதீங்க?"

என் மனைவி அன்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. அந்த ஒன்றுக்காகவே நான் சிஸ்டருக்குக் கடமைப்பட்டவன்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. மது என்ற சொல்லே அவர் வீட்டில் நுழையக் கூடாது. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்ய வெனிலா எசென்ஸ் வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தவர், அதில் ஆல்கஹால் கலந்திருப்பதைக் கண்டு குப்பியை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இது என் வாசப்படியத் தாண்டாது சார். எங்கப்பா குடிச்சே போனாரு. அம்மாவ அடிச்ச சத்தத்துல நானும் அக்காளும் பாடம் படிச்சோம். தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டது பின்னால் எதில் கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் அக்கா ரூபி அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்தார். ரூபி அம்மாவும் நர்ஸ்தான். தங்கையைவிட ஏழு வயது மூத்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஞாபகம் மங்கத் தொடங்கியிருந்தது. சென்ற தீபாவளி சமயத்தில் சாப்பாட்டைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். கஞ்சி, இட்லி, பழம் எதுவும் செல்லவில்லை. கரண்டியால் ஊட்டிய பால் மட்டும் கொஞ்சம் இறங்கியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். சிஸ்டர் மறுத்தார். "நான் எத்தன பேருக்கு அந்தக் குழாயச் சொருகியிருக்கேன். அவங்க அதப் பிடுங்குவாங்க, நாங்க கையக் கட்டுவோம். எங்கக்காளுக்கு அது வேண்டாம் டாக்டர். அவ வாயால சாப்பிட வைக்கேன்."

ரூபி அம்மா கேட்ட உணவு ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்குச் சனிக்கிழமைதான? மேடம் மஃபின் போட்டாச்சா?" மேடம் என்றது, ஊர்ப்பக்கத்தில் அவர் நர்ஸ் படிப்பு படித்த மிஷன் ஆஸ்பத்திரியின் மேட்ரன், தலைமை நர்ஸ். இங்கிலாந்துக்காரர். இரவு டியூட்டி முடித்து வரும் மாணவிகளுக்குச் சனிக்கிழமை காலையில் அந்த அம்மையார் தம் கையாலேயே மஃபின் சுட்டுக் கொடுப்பாராம்.

சிஸ்டர் முதலில் மார்க்கெட் பேக்கரியில் காகிதக் கிண்ணத்தில் விற்கும் மஃபினை வாங்கி வந்தார். ரூபி அம்மா அதை ஒதுக்கிவிட்டு, "இது கேக்குக் குட்டி" என்றார். பிறகுதான் சிஸ்டர் செல்போனில் தேடி, இங்கிலாந்து மஃபின் வேறு என்று கண்டுபிடித்தார். அது உள்ளங்கை அகல ரொட்டி. மைதாவில் பாலும் ஈஸ்ட்டும் சேர்த்துத் தளர்வாகப் பிசைந்து, பொங்கவிட்டு, வட்டமாகத் தட்டி, இருபுறமும் ரவை தூவிக் கல்லில் நிதானமாகச் சுடுவது. கத்தியால் வெட்டக் கூடாது. முள்கரண்டியால் குத்திப் பிளந்தால் உள்ளே தேனடை போல ஓட்டைகள் தெரிய வேண்டும்.

நான் வானிலைத் துறையில் வெப்பமானி பார்த்தே ஓய்வு பெற்றவன். அதனால் என்னை உதவிக்குக் கூப்பிட்டார். "மழை வரும்னீங்கன்னா டெல்லிக்காரன் துணி காயப்போடுவான். மாவு பொங்குமான்னாவது சரியாச் சொல்லுங்க பாப்போம்."

கன்டென்ஸ்டு மில்க் டப்பாக்களின் இரு பக்கமும் வெட்டி வளையங்கள் செய்தோம். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்: மாவின் எடை, பாலின் சூடு, அறையின் வெப்பம், பொங்கிய நேரம், ரூபி அம்மாவின் தீர்ப்பு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் எது நடந்தது என்று தெரியாது என்று நான்தான் விதி வகுத்தேன். சிஸ்டர் பொறுமை இழந்தாலும் கேட்டுக்கொண்டார். அந்த விதி எத்தனை வாரங்களைத் தின்றது என்று இப்போது தோன்றுகிறது.

குளிர்காலத்தில் மாவு அசையவே இல்லை. பாத்திரத்தை ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் சுற்றி, ரூபி அம்மாவின் கட்டில் ஓரத்தில் வைத்தோம். அவர் அதைக் குழந்தை என்று எண்ணித் தட்டிக்கொடுத்தார். ஒன்பதாவது முறை ஓட்டைகள் விழுந்தன. சிஸ்டர் பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டிக் காட்டினார். சாப்பிட்ட எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ரூபி அம்மா மட்டும் அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"இது மேடம் செஞ்சதில்ல."

"அக்கா, ஒரு வாய் கடிச்சுப் பாரேன்."

"நீ எந்த வார்டு?"

"ஒன் தங்கச்சி, அக்கா."

"தங்கச்சின்னா போய்ப் படி. பரீட்சை வருது."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரவையைச் சல்லடையில் கொட்டினார். ஏற்கெனவே சலித்த ரவை அது. "நான் அந்த ஆஸ்பத்திரியில படிக்கல சார்," என்றார். "எனக்கே தெரியாத ருசியத் தேடிட்டு அலையுதேன்."

ஜனவரியில் ஒரு நாள் பதினாறாவது முயற்சி. சிஸ்டர் சமையலறையில் கல்லின் முன் நின்றார். நான் ரூபி அம்மாவின் அறையில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தவர், என்னை யாரென்று எண்ணினாரோ, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பனையேறி வந்துட்டாரா? மேடம் கல்ல அடுப்புல போட்டுட்டாங்க. பதனி வேண்டாம், புளிச்சதுதான் வேணும்னு சொல்லு."

நானும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்தான். பனஞ்சாறு புளித்தால் கள். ஆப்பமாவு பொங்க ஒரு கரண்டி கள் சேர்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஈஸ்ட் கிடைக்காத அந்த ஊரில் மேட்ரன் அம்மையாரும் அதைத்தான் செய்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ரூபி அம்மா எங்கள் ரொட்டியில் தேடிய மணம் கள்ளின் மணம்.

சமையலறைக்குப் போனேன். "என்ன சார், எத்தன டிகிரி?" என்று சிஸ்டர் கேட்டார். "பதினொன்று" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது என்னிடம் பல காரணங்கள் இருந்தன. என்னுடையது எழுபத்தெட்டு வயதுக் காது, தவறாகக் கேட்டிருக்கலாம். ஞாபகம் இல்லாதவரின் பேச்சை ஆதாரமாகக் கொள்ள முடியுமா? வெனிலாவைத் திருப்பி அனுப்பியவரிடம், சர்ச்சில் திருவிருந்துக்குக்கூட ஒயின் கூடாது, திராட்சைச்சாறுதான் என்று பிடிவாதமாக இருப்பவரிடம், கள்ளைப் பற்றி எப்படிப் பேசுவது? இன்று பார்த்தால் எல்லாமே ஒரே காரணம்தான். அவர் என்னிடம் கோபிப்பாரோ என்று பயந்தேன். மேலும் பதினைந்து பக்கங்களை நோட்டில் நிரப்பினேன். ஈஸ்ட்டின் அளவை மாற்றினோம், வெண்ணெயை மாற்றினோம், உப்பைக்கூட மாற்றினோம். ரூபி அம்மாவின் கன்னம் வற்றிக்கொண்டே வந்தது. பாலைக் கரண்டியால் ஊட்டினால் பாதி கழுத்தில் வழிந்தது.

ஏப்ரலில், முப்பத்தோராவது மஃபினையும் ரூபி அம்மா தட்டில் வைத்த பிறகு, சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடுத்த வாரம் குழாய்க்குச் சம்மதிச்சிருதேன் சார். முடியல." அவர் முடியவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போது சொன்னேன். பனையேறி, பதனி, புளித்தது எல்லாவற்றையும், நோட்டில் அந்த நாளுக்குரிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை.

"எப்ப கேட்டீங்க?"

"ஜனவரியில்."

"இது ஏப்ரல் சார்."

"நீங்கள் கோபப்படுவீர்களோ என்று..."

"அவ சாப்பிடுவான்னா நானே பனையில ஏறியிருப்பேனே." எழுந்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். நான் மாடிக்கு வந்துவிட்டேன். வெட்கத்தால் மூன்று நாட்கள் கீழே இறங்கவில்லை.

சனிக்கிழமை பகல் இன்டர்காம் ஒலித்தது. அவர் குரல் மேலே ஏறி இறங்கியது. "சார், அக்கா சாப்பிட்டா. ஒண்ணு முழுசா. பிச்சுப் பிச்சுத் தின்னுட்டு, மேடம் இன்னிக்கு நல்லாப் போட்டிருக்காங்கன்னா. கேக்குதா?"

"கள் எங்கே கிடைத்தது?"

"டெல்லியில கள்ளுக்கு எங்க போக? நானா ஒரு வழி பண்ணுனேன். நேர்ல வாங்க, சொல்லுதேன். எழுதிக்கிடணும்லா, மறந்துருவேன். நாளைக்கு வாங்களேன்."

நாளை ஞாயிறு, அவர் சர்ச்சுக்குப் போய்வந்து களைத்திருப்பார், வந்த கையோடு தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணினேன். இன்னும் வெட்கமும் இருந்தது. "திங்கட்கிழமை காலை வருகிறேன் சிஸ்டர்" என்றேன். "ஒங்க இஷ்டம்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை நான் கீழே போனபோது அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் சமைத்ததையும் பிடித்துவைத்த தண்ணீரையும் வைத்திருக்கக் கூடாது என்பது சுனிதாவின் ஊர் வழக்கம். அழுதுகொண்டே அவர் எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்துக் கழுவியிருந்தார். மிச்சமிருந்த நான்கு மஃபின்களைப் பசுவுக்குப் போட்டுவிட்டார். ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குப்பியில் மேலே நுரை கட்டிய கலங்கல் தண்ணீர் இருந்ததாம். கெட்டுப்போனது என்று எண்ணி அதையும் கொட்டிவிட்டார். அவர் மரியாதையாகச் செய்த வேலை அது. அதற்காக அவரை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்தபின், பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர்களுடைய தம்பி மகன் சாமுவேல், பெரிய அத்தைக்கு உடனே குழாய் போட ஏற்பாடு செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நாட்களாக ரூபி அம்மா எதுவும் உண்ணவில்லை. நான் சாமுவேலிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான்.

"அங்கிள், உங்களுக்குச் செய்யத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க."

இளநீரில் சர்க்கரை போட்டு ஒரு குப்பி, கருப்பட்டிக் கரைசலில் ஒன்று, அரிசி ஊறிய நீரில் ஒன்று என்று வெயிலில் வைத்தேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்ற விதியை விட்டுவிட்டேன். நுரை வந்தது, புளிப்பும் வந்தது. அவற்றில் மாவு பிசைந்து சிஸ்டரின் கல்லிலேயே சுட்டேன். முதல் இரண்டையும் ரூபி அம்மா முகர்ந்துவிட்டு வைத்தார். உண்மையில் அந்தச் சனிக்கிழமை அவரைச் சாப்பிட வைத்தது எது என்பதே எனக்குத் தெரியாது. மணமாக இருக்கலாம், சும்மா அந்த நாளாகவும் இருக்கலாம்.

வியாழன் மாலை மூன்றாவதைக் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க. நைட் டூட்டி பாத்தவங்க மாதிரி இருக்கு மூஞ்சி."

"நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா, உங்களுக்காகத்தான் செய்தேன்."

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு. ம், சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். நான் மென்று விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் மணிக்கட்டைப் பற்றினார். இரண்டு விரல்களை நாடியில் சரியான இடத்தில் வைத்தார். கடிகாரம் இல்லாத தம் இடது கையைப் பார்த்தபடி, உதடுகள் அசைய, நிமிடக் கணக்கில் எண்ணினார். பிறகு என் கையை மடியில் திருப்பி வைத்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. பயப்படாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை குழாய் போட்டார்கள். இரண்டு முறை பிடுங்கிவிட்டதால் அந்தக் கைகளைப் பஞ்சு சுற்றித் துணியால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருக்கிறார்கள். தினமும் மாலையில் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். விரல்கள் துணிக்குள் அசைகின்றன.

எஸ்தர் சிஸ்டர், உங்கள் அக்காவைப் பற்றி உங்களிடம் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இந்த முறை தாமதிக்காமல் சொல்லிவிட்டேன். அமைதியாக உறங்குங்கள்.