கண்ணக்கா கேட்ட கியர்

வளைவு இன்னும் கண்ணிலேயே பட்டிருக்காது. அதற்குள் கண்ணக்கா கியர் லீவரைப் பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓட்டிக்கொண்டிருப்பார். உண்மையில் ஒன்றும் நடந்திருக்காது. கேட்டதைக் காதில் வாங்கி, யோசித்து, சோம்பல் முறித்து, வளைவுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் வண்டி மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும். எஞ்சின் ஒருமுறை உறுமும். பக்கத்து சீட்டில் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

நாங்கள் இருவரும் ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். அவர் முன்னறையில் கண் சோதிக்கிறவர். நான் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். கண் பார்க்கிற அக்கா என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து கண்ணக்கா ஆகிவிட்டது. என் வீடு அவர் போகிற வழியில் இருப்பதால் தினமும் ஓசிச் சவாரி. ஓசியில் போகிறவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கும் தெரியும். முடிந்ததில்லை.

வண்டி பழசு. ஒரு காலத்தில் வேகத்துக்கென்றே செய்தது: ஆறு சிலிண்டர், தாழ்ந்த மூக்கு, அகலமான டயர். ஆட்டோமேடிக். லீவரை ‘டி’யில் விட்டால் கியரை அதுவே பார்த்துக்கொள்ளும். ஓரமாகத் தள்ளி வைத்தால், முன்னால் தட்ட ஒரு கியர் ஏறும், பின்னால் தட்ட ஒன்று இறங்கும். புது வண்டிகளில் இது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். இதில் தட்டிவிட்டு ஒரு மூச்சு இழுத்து விடலாம்.

இந்த ஓரத்து வசதியெல்லாம் பேருக்கு வைத்த விளையாட்டுச் சாமான் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கடைசியாக ஒருநாள் கெஞ்சிக்கூடப் பார்த்தார். “‘டி’ல விட்டுட்டு நிம்மதியா போங்கக்கா. அதுக்கே எல்லாம் தெரியும்.”

“அதுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்,” என்றார் கண்ணக்கா. ஊர்கிற நெரிசலில்கூட அவர் லீவரை ‘டி’க்குக் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை.

அவ்வளவு ஆசையென்றால் கிளட்ச் வைத்த வண்டியே வாங்கியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். “அதுல நான் சொன்னா உடனே கேக்கும். இத கேக்க வைக்கணும்,” என்றார். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது?

கண்ணக்காவுக்குத் திக்குவாய். புள்ளி வைத்தும் எழுத்தை இரட்டித்தும் அதை இங்கே நான் எழுதிக் காட்டப்போவதில்லை. அச்சில் அது வேடிக்கையாகிவிடும். சில சொற்களில் முதல் எழுத்திலேயே நிற்பார். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவருக்கு உதவி செய்யும் ஆசை பொங்கிவிடும். மிச்சத்தை அந்த ஆளே சொல்லி முடித்துவிடுவார். இவ்வளவு எரிச்சலான உபகாரம் உலகத்தில் வேறு இல்லை.

கண்ணக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதுதான் சிக்கல். முடித்துவைப்பதையும் அன்பாகவே செய்வார். ஒருமுறை பழக்கடையில் கண்ணக்கா ‘ஆ’வில் நிற்க, ஆப்பிள்தானே என்று அவரே எடுத்துப் பையில் போட்டுவிட்டார். கேட்க வந்தது ஆரஞ்சு. வீட்டுக்கு வந்ததும் கண்ணக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய், அதே கடையில் நின்று ஆரஞ்சு என்று முழுசாகச் சொல்லி வாங்கி வந்தார். ஆப்பிளை அவர் தொடவே இல்லை. வீட்டுக்காரர் தனியாகத் தின்று தீர்த்தார்.

கடையில் அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் குத்துமதிப்பு. கண் சோதிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்கு வந்தவர்களைப்போல் பயந்து, தெரியாத எழுத்தையும் எதையாவது சொல்லிவைப்பார்கள். கண்ணக்கா விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். “குத்துமதிப்பா சொல்லாதீங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.” காத்திருக்கவும் செய்வார். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் அவர் எழுதிக்கொடுத்த பவர் சரியில்லை என்று எந்தக் கண்ணாடியும் என் மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை.

எனக்கு எதையும் எதோடாவது முடிச்சுப் போடாவிட்டால் தூக்கம் வராது. வண்டியும் நீங்களும் ஒரே ரகம்தான் அக்கா, என்று ஒருநாள் உளறிவிட்டேன். கோபம் வந்துவிட்டது. “வண்டிக்கு கியர் எண்ணெய் பழசு. எனக்கு என்ன பழசு?” என்றார்.

போன மாதம் கடை முதலாளி ஊரின் அந்தக் கோடியில் புதுக் கிளை திறக்க ஏற்பாடு செய்தார். பொறுப்புக்கு யார் என்பதுதான் பேச்சு. கடையில் எல்லாரையும்விட மூத்தவர் கண்ணக்கா. ஆனால் கவுண்டரில் ஒருவர் இருக்கிறார், வாயாலேயே பந்தல் போடுகிறவர். கண் நன்றாகத் தெரிகிறவருக்கும் கண்ணாடி மாட்டி அனுப்பிவிடுவார். முதலாளியின் சாய்வு அந்தப் பக்கம். கண்ணக்கா என்னிடம் ஒளிக்கவில்லை. “அந்தக் கிளை எனக்கு வேணும். அவருக்குக் கீழ போய் நிக்க மாட்டேன். வேலைய விட்டாலும் விடுவேன்,” என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பின்னறைக்காரன் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன வாரம் புது இடத்தைப் பார்க்கக் கிளம்பியபோது முதலாளியின் கார் பணிமனையில் இருந்தது. எங்களோடு ஏறிக்கொண்டார். அவர் முன் சீட்டில், நான் பின்னால் லென்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நிம்மதியாக உட்கார்ந்து பயணம் செய்யத் தெரியாத மனிதர் அவர். பிரேக் இல்லாத இடத்தில் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். பாலத்தின் ஏற்றத்தில், சுமை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முனகிக்கொண்டு போனது. பக்கத்துத் தடம் காலி. கண்ணக்கா லீவரைப் பின்னால் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளிக்கு விஷயத்தைச் சொல்லத் தோன்றியது. “கவுண்டர்காரரையே பொறுப்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேம்மா. நீ எப்பவும்போல கண்ணைப் பாரு. பேச வேண்டியதெல்லாம் அவர் பேசிக்கட்டும். உனக்கும் சிரமம் இல்ல பாரு.”

கண்ணக்கா வாயைத் திறந்தார். ‘ச’வில் நின்றது. கியரும் வரவில்லை. வண்டி லாரியின் புகைக்குள் தொய்ந்துகொண்டு போனது.

“சரின்னுதானே சொல்ற? எனக்குத் தெரியும்மா, நீ தங்கமான பொண்ணு,” என்றார் முதலாளி. சொன்ன கையோடு, “இத முதல்ல ‘டி’ல போடு,” என்று லீவருக்கே கையை நீட்டிவிட்டார்.

கண்ணக்கா அந்தக் கையைப் புறங்கையால் தள்ளிவிட்டார். ஓங்கியல்ல, மேஜையில் இருக்கும் டம்ளரை நகர்த்துகிற மாதிரி. சம்பளம் கொடுக்கிற கை.

கியர் விழுந்தது. ஆறு சிலிண்டரும் ஒன்றாகக் கத்த, வண்டி பக்கத்துத் தடத்துக்குத் தாவி ஏறி லாரியைத் தாண்டியது. முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டார்.

“சரியில்ல சார்,” என்றார் கண்ணக்கா.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

“அந்தக் கிளைய நான் பாத்துக்கறேன். கண்ணும் நான்தான் பாப்பேன்.” அடுத்த சொல்லின் முதல் எழுத்தில் மறுபடி நின்றது. பாலம் முடிந்து இறக்கம் வந்தும் அது நின்றபடியே இருந்தது. முதலாளி தாங்க முடியாமல் வாயைத் திறந்தார்.

கண்ணக்கா சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. லீவரின் மேலிருந்த கையை மட்டும் தூக்கி, விரித்த உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.