அக்கா கட்டிய ஏழு சிந்தசைசர்கள்

என் அக்கா இருபத்தெட்டு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து ஊரார் காதுகளைச் சோதித்தவள். மருத்துவமனையின் முதல் மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் அக்கா பொத்தானை அழுத்துவாள். 'பீப்' சத்தம் காதில் விழுந்தால் அவர் கையைத் தூக்க வேண்டும். எதுவும் கேட்காதபோதும் மரியாதைக்காகக் கையைத் தூக்குகிறவர்கள் உண்டு என்று சொல்லிச் சிரிப்பாள். வார்டில் அவளுக்கு 'பீப் மேடம்' என்று பட்டப்பெயர். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. வீட்டுக்குச் சேர வேண்டிய கோபத்தையெல்லாம் நானே மொத்தமாக எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன்.

அந்த பீப்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள்.

"தினமும் முந்நூறு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கறேன். அது ஏன் புல்லாங்குழல் மாதிரி இல்ல? ரெண்டும் காத்தோட ஆட்டம்தானே?"

"மொதல்ல சாப்பிடு. ஆறிப்போகுது" என்றேன்.

அடுத்த மாதமே, மருத்துவமனையில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதுகு புடைத்த பழைய திரை. சாப்பாட்டு மேஜையில் பாதி இடம் அதற்குப் போயிற்று. நூலகத்திலிருந்து ப்ரோகிராம் எழுதுவது எப்படி என்று ஒரு தடிப் புத்தகம் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் பேசிப் பேசி உறவுக்காரர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் முழுதும் அவளுடையவை.

அக்காவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். ஞாயிறு ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். அம்மா தரையில் கால் நீட்டிப் படுத்திருப்பாள். மின்விசிறி கடகடவென்று சுற்றும். மேஜையிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்துகொண்டிருக்கும். நான் திட்டிக்கொண்டே தூங்கிப்போவேன். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது, அந்த வீடும் கைமாறிவிட்டது. அந்த மதியத் தூக்கம் மட்டும் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

முதல் சிந்தசைசர், அதாவது கம்ப்யூட்டரையே வாத்தியமாக்கி ஓசை எழுப்ப வைக்கும் ப்ரோகிராம், தயாரான அன்று எங்களை மேஜையைச் சுற்றி உட்கார வைத்தாள். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினாள். 'பீப்.'

"ஆறு வாரம் மண்டைய ஒடச்சு, ஆஸ்பத்திரியில சும்மா கெடைக்கறத வீட்டுல செஞ்சிருக்க" என்றேன்.

அவள் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. விரலை எடுக்கும்போதெல்லாம் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்த 'டக்'கைத் துரத்த மேலும் மூன்று வாரம் ஆயிற்று. "அலை மேல போயிட்டிருக்கறப்ப நடுவுல கத்தரிச்சா அப்படித்தான் சத்தம் போடும். பையப் பைய எறக்கிவிடணும்" என்று விளக்கினாள். குழந்தையைத் தொட்டிலில் போடுவது பற்றிப் பேசுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

இரண்டாவதில், ஓர் ஓசையோடு அதன் இரண்டு மடங்கையும் மூன்று மடங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். புல்லாங்குழலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஏதோ வந்தது. மூன்றாவதில் ஃபில்டர் எழுதினாள். கரகரப்பான ஓசையை உள்ளே விட்டால், மேல் சுருதிகளைச் சீவித் தள்ளிவிட்டு அடிச் சத்தத்தை மட்டும் வெளியே விடும். கணக்கில் எங்கேயோ ஒரு எண் தப்பாகிப்போய், முதல் முறை அது போட்ட அலறலில் மாடிவீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஹெட்போன் கட்டாயம் என்று சட்டம் போட்டேன். இப்படி ஏழு கட்டினாள். ஒன்றிலிருந்து கற்க வேண்டியதைக் கற்றதும் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ஒன்றையும் யாருக்கும் கொடுத்ததில்லை, யாரிடமும் பெருமை பேசியதும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். மூன்றாவது சிந்தசைசர் முடிந்த வருடம் ஒருநாள் சாயங்காலம் நான் வந்தபோது, மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வருடமாகவே அம்மா அப்படித்தான் இருந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சும்மா சிரித்து வைப்பாள். அலட்சியம் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். நாற்பத்தைந்து பிள்ளைகளை அடக்குகிற குரலில் அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மறுநாளிலிருந்து மகளைக் காப்பகத்தில் விட்டேன். அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

பேத்தி இல்லாத பகல்களை அம்மாவுக்குத் தள்ள முடியவில்லை. அக்கா பொழுதுபோக்காக முதல் சிந்தசைசரைத் திறந்து கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாள். கீழ்வரிசையைத் தட்டினால் தாழ்ந்த ஓசை, மேலே போகப் போக உச்ச ஓசை. நான்காம் நாள் அம்மா புகார் சொன்னாள்.

"மேல் வரிசை செத்துப்போச்சுடி. ஒண்ணும் வரல."

அக்கா தட்டிப் பார்த்தாள். வந்தது. அம்மா தட்டினால் வரவில்லையாம். அக்கா பிரஷ் வைத்து விசைப்பலகையில் தூசி தட்டினாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையிலிருந்து வேறு பலகை கடன் வாங்கி வந்து மாட்டினாள். பிறகு ப்ரோகிராமில்தான் பிழை என்று ஒரு வாரம் வரிவரியாகத் தேடினாள். பாதியை அழித்து மறுபடி எழுதினாள். பகலெல்லாம் அடுத்தவர் காதில் குறை தேடுகிறவள், வீட்டுக்கு வந்தால் தன் ப்ரோகிராமில் மட்டுமே குறை தேடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியம் சமையலறை வாசலிலிருந்து அம்மாவைப் பார்த்திருக்கிறாள். ஹெட்போனோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விசையை அழுத்திவிட்டு, வராத சத்தத்துக்காகக் காத்திருக்கிற முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேரிடம் பார்த்த அதே முகம். கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

எனக்குப் போன் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு, வரும்போதே சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தேன்.

"காதா? அம்மாவுக்கா? நீ பேசறது எல்லாம் நல்லாத்தானே கேக்குது?"

"என்னுது கட்டக் குரல். வேல பழக்கத்துல மொகத்தப் பாத்து மெதுவாப் பேசறேன். நீ அடுத்த ரூம்லேருந்து கீச்சுக் குரல்ல ரயில் ஓட்டற. பாப்பாவோட அழுகையும் அம்மாவுக்கு எட்டாத எடத்துல இருக்கு. நாளைக்கு என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ஒழுங்கா பாத்து, காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிவிடறேன். அதுக்கு முன்னாடி நீ இதக் கேளு."

என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். நான் கத்திய அன்று, தண்ணீர் விழும் சத்தத்தைக் கட்டிப் பார்க்கலாம் என்று குழாயடியில் மைக்கை வைத்திருந்தாளாம். என் கூச்சல் அதில் விழுந்திருந்தது. அம்மாவுக்கு எந்த விசைவரை கேட்டது என்று கணக்கெடுத்து, அதற்கு மேலே உள்ளதையெல்லாம் தன் ஃபில்டரால் சீவியிருந்தாள்.

கேட்டேன். என் குரல்தான். ஆனால் ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. கனத்த போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ கத்துவது போலிருந்தது. அன்று நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகள் விழுந்தது, அழுதது, நான் பயந்துபோனது எல்லாம் சொல்லியிருந்தேன். எதுவுமே அதில் இல்லை. கோபம் மட்டும் ஒரு துளி குறையாமல் அப்படியே இருந்தது. இரண்டு வருடமாக அம்மாவுக்கு நான் கொடுத்து வந்தது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொரு தடவ போடு" என்றேன். அக்கா போடவில்லை. ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேத்தியின் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"அம்மா, மெஷின் வந்ததும் பாப்பாவ மறுபடி உங்கிட்டயே விடறேன்."

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி, ஒடம்பு சரியில்லையா? இவ்ளோ மெதுவாப் பேசற?"