கடைச்சுவரில் மதிவதனி அம்மாள்

பேருந்து நிலையத்துக் கல்யாண பேனர்களுக்கு முன்னால் சூர்யகலா தினமும் நின்றுவிடுவாள். முதலில் பெண்ணின் முகம். பிறகு மாப்பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை. "இந்தப் பொண்ணு காலைல ஒண்ணும் துன்னல. பசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஆரணிக் கடைத்தெருவுக்குள் நுழைவாள்.

இராஜமாணிக்கத்தின் பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுவது அவள் வேலை. கல்லாவுக்குப் பின்சுவரில் முதலாளியின் மனைவி மதிவதனியின் வண்ணப்படம் இருக்கிறது. அந்த அம்மாள் இறந்த பிறகு ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரையச்சொன்னது. பச்சைப் பட்டு, இறுகிய உதடு, மடியில் மூடிய கை, பின்னால் பாதி சாத்திய கதவு.

சேலை எடுக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். கதவு, அவர் போன வழியாம். மூடிய கை, சொல்லாமல் விட்ட குறையாம். சூர்யகலா புடவையை மடித்தபடி எல்லாவற்றுக்கும் "ஆங்" என்பாள்.

போன ஆவணியில் வந்தவாசியிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. அதில் பெரியம்மா ஒருவர், இப்படிக் கோபமாகப் பார்க்கிற முகத்துக்கு எதிரே கல்யாணச் சேலை எடுக்கக் கூடாது என்று எழுந்துவிட்டார். இராஜமாணிக்கம் மறுக்கவில்லை. படத்தை இறக்கச் சொன்னார். பிறகு குரல் தாழ்த்தி, "எம்மேல கோவமாத்தான் போயிருப்பா. கடசி நேரத்துல நான் பெங்களூர்ல சரக்கு வித்துகினு இருந்தேன்" என்றார்.

சூர்யகலா ஸ்டூலில் ஏறினாள். ஏறியவள் படத்தில் கை வைக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று மதிவதனி அம்மாள் கேட்டுக்கொண்டதற்காக இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"கோவம் இல்ல மொதலாளி. நம்ம கடையில அந்த போட்டோ எடுக்கசொல்ல நான் பக்கத்துலதான் இருந்தேன். அம்மாவுக்கு சுகருன்னு நீங்க இனிப்பே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. வாய்ல ஒரு கடல மிட்டாயி, கையில ஒண்ணு. அந்த நேரம் பாத்து நீங்க உள்ள வந்துட்டீங்க. முழுங்கவும் முடியாம, சிரிக்கவும் முடியாம ஒக்காந்துகினு இருந்தாங்க."

அப்படியானால் அந்தக் கதவு என்றார் பெரியம்மா.

"அது வரைஞ்சவரு இஷ்டத்துக்குப் போட்டதும்மா. நம்ம கடையில அந்தப் பக்கம் கதவே கெடையாது."

இராஜமாணிக்கம் எழுந்து படத்துக்கு நேராக நின்றார். உதட்டோரத்தையே பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பா, அழுகையா என்று வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டூலிலிருந்து இறங்கிய சூர்யகலா, அரக்குப் பட்டொன்றை உதறி, அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள்.